ஏழாம் அத்தியாயம்: கேபிள் இணைப்போ, டிஷ் இணைப்போ?

வத்தலக்குண்டிலோ அதைச் சூழ்ந்த ஊர்களிலோ புது வீடு கட்டிப் பால் காய்ச்சிக் குடிபுகுகிற குடும்பத்தார், தண்ணீர்க் குழாய்க்கும் மின்சாரத்துக்கும் சமையல் எரிவாயுவுக்கும் ஏற்பாடு செய்து முடித்துச் சற்று மூச்சு விடுவதற்குள், வீட்டிலுள்ள பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே குரலாகக் கேட்கத் தொடங்கிவிடுகிற கேள்வி ஒன்று உண்டு: டி.வி.க்குக் கேபிள் இழுப்பதா, டிஷ் மாட்டுவதா? நிலைவாசலுக்கு எந்த மரம் நல்லது என்று நாலு பேரிடம் விசாரித்துத் தீர்மானித்தவர்கள்கூட, இந்த விஷயத்தில் மட்டும் அடுத்த வீட்டில் எது இருக்கிறதோ அதையே தம் வீட்டிலும் வைத்துக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால், கடைவீதியில் முதலில் எதிர்ப்பட்ட விற்பனையாளரின் வார்த்தைக்கு இணங்கிவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் நாலு நாள் படமில்லாமல் உட்கார்ந்திருக்கும்போதுதான், தமக்கு ஏற்றது மற்றது என்ற எண்ணம் பிறக்கிறது. அதற்குள் பெட்டிக்கும் கம்பிக்கும் கூலிக்கும் கொடுத்த பணம் போய்விடுகிறது. அந்த நஷ்டம் நேராமல் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள உதவுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

முதலில் ஒரு மயக்கத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். கேபிளில் வருவது ஒரு சரக்கு, டிஷ்ஷில் வருவது வேறொரு சரக்கு என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இரண்டுக்கும் பெரும்பாலும் மூலம் ஒன்றே. பூமத்திய ரேகைக்கு நேர்மேலே, ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலுகிற வேகத்துக்கு ஈடாகத் தாமும் சுற்றி வருவதால் நம் கண்ணுக்கு அசையாமல் ஓரிடத்தில் நிற்பனபோல் அமைந்த செயற்கைக்கோள்கள் உண்டு. சானல்கள் பெரும்பாலும் அவற்றிலிருந்துதான் இறங்கி வருகின்றன. கேபிள்காரர்கள் ஹெட்எண்ட் என்று சொல்லும் கட்டுப்பாட்டு நிலையத்தில், ஆள் உயரத்துக்கு மேற்பட்ட பெரிய டிஷ்களைக் கொண்டு அவற்றை வாங்கி, ஒன்றாகத் தொகுத்து, கண்ணாடியிழைக் கம்பி வழியாக ஊருக்கு ஊர் அனுப்பி, அங்கிருந்து கம்பத்துக்குக் கம்பம் கறுப்புக் கம்பியாக இழுத்து வீட்டுக்குள் சேர்க்கிறார்கள். டிஷ் இணைப்பிலோ, அந்த வேலை முழுவதையும் நம் மொட்டைமாடியில் நிற்கும் இரண்டடி அகலத் தட்டும், டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியும் செய்துவிடுகின்றன. ஆகவே, எது தேவலை என்று நிர்ணயிப்பதற்கு ஆகாயத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. காட்சி நம் வீட்டை வந்தடையும் கடைசி அரை மைல் எப்படிப்பட்டது, அது பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள், எத்தனை நாழிகையில் வருவார்கள் என்பவற்றையே பார்க்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் மேற்கொண்டு சொல்லப் போவதெல்லாம் இந்த ஒரு கருத்தின் விரிவே.

இந்தப் பக்கத்து மக்களுக்குக் காட்சியைத் தேடி அலைந்த அநுபவம் புதிதன்று. 1975 ஆகஸ்டு 15ஆம் தேதி சென்னையில் தொலைக்காட்சி நிலையம் திறக்கப்பட்டபோது, அதன் ஒளிபரப்பு நம் ஊர்ப் பக்கம் எட்டவில்லை. பின்னாளில் கொடைக்கானல் மலைமேல் தூர்தர்ஷனின் சக்திமிக்க ஒளிபரப்புக் கோபுரம் எழுந்த பிறகே, தென்மாவட்டங்களின் ஓட்டு வீடுகள்மேல் நீண்ட கம்புகளும் அவற்றின் உச்சியில் மீன்முள் போன்ற ஆன்டெனாக்களும் தோன்றின. காற்றடித்து ஆன்டெனா திரும்பிவிட்டால், ஒருவர் கூரைமேல் ஏறிக் கம்பைத் திருப்ப, மற்றொருவர் வாசலில் நின்று, "இப்போ தெரியுதா? இன்னும் கொஞ்சம் கிழக்கே!" என்று கூவியதை ஐம்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அலைகள் நேர்கோட்டில் செல்பவை; மலையின் மடிப்புக்குள் ஒதுங்கிய ஊர்களுக்கு அவை சரியாகப் போய்ச் சேரவில்லை. 1993 ஏப்ரல் 14இல் சன் டி.வி. தொடங்கியதும், தெருவுக்குத் தெரு கேபிள் வந்தது. 2006க்குப் பிறகு தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியபோது, கேபிள் இல்லாத குக்கிராமங்களுக்கும் அது நீள வேண்டியதாயிற்று. 2007இல் உருவாக்கப்பெற்ற தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. நிறுவனம், 2011 செப்டம்பரிலிருந்து மாதம் 70 ரூபாய்க்குச் சேவை அளித்ததும், 2017இல் டிஜிட்டல் உரிமம் பெற்றபின் செட்டாப் பாக்ஸ்களை விலையின்றி வழங்கியதும் அடுத்த கட்டங்கள். மறுபுறம், தூர்தர்ஷனின் கட்டணமில்லாத டிஷ் சேவை 2004 டிசம்பரிலும், டாடா ஸ்கை 2006லும், அதைத் தொடர்ந்து சன் டைரக்டும் ஏர்டெல்லும் வந்து சேர்ந்தன.

மாதந்தோறும் சந்தா செலுத்திக் கதைக்காகக் காத்திருக்கும் வழக்கமும் இந்த ஊருக்குப் புதிதன்று என்று சொல்லத் தோன்றுகிறது. 1872இல் இங்கே பிறந்த ராஜம் ஐயர் எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்', 1893 முதல் 'விவேக சிந்தாமணி' என்ற மாதப் பத்திரிகையில் தொடராகத்தான் வெளிவந்தது. அக்காலத்து வாசகருக்கும் கதைக்கும் இடையே இருந்த கடைசி அரை மைலைத் தபால்காரர் நடந்து கடந்தார்.

இனி, வீடு இருக்கும் இடத்தைப் பார்ப்போம். வத்தலக்குண்டு என்று ஒரே பெயரால் நாம் குறித்தாலும், மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் பெரியகுளத்துக்கும் பிரியும் சாலைகளைச் சுற்றி நெருக்கமாக வீடுகள் அமைந்த நகரம் ஒன்று. மஞ்சளாற்றுப் பாசனத்தையும் கிணறுகளையும் நம்பிய வயல்களும் தோப்புகளும் சூழ்ந்த கிராமங்கள் மற்றொன்று. காட்ரோட்டிலிருந்து கொடைக்கானலுக்கும், அய்யம்பாளையத்துக்கு அப்பால் தாண்டிக்குடிக்கும் ஏறுகிற மலைச்சரிவில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே தனித்தனியாக நிற்கும் வீடுகள் மூன்றாவது. இந்த மூன்றுக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது.

நகரத்துக்குள் இருப்பவருக்கு என் அபிப்பிராயம் கேபிளின் பக்கமே சாய்கிறது. வீடுகள் நெருங்கியிருப்பதால் கம்பி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை; ஒரு தெருவில் படம் போனால் நாற்பது வீட்டுக்காரர்கள் போன் செய்கிறார்கள்; கேபிள்காரரும் அதே ஊரில் குடியிருப்பவர், மாதந்தோறும் வீட்டுக்கு வந்து பணம் வாங்குகிறவர், கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் பத்திரிகை வைக்கப்படுகிறவர். அவரால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடியாது. எந்த நிறுவனத்தின் உத்தரவாதச் சீட்டையும்விட இந்த ஊர்முகம் பலமானது என்பது என் அநுபவம். ஆனால் இது எல்லாத் தெருவுக்கும் பொருந்தாது. ஆகையால், பணம் கட்டுவதற்குமுன் அந்தத் தெருவிலுள்ள இரண்டு வீடுகளில், முக்கியமாகத் தெருவின் கடைசி வீட்டில், போன மழைக்காலத்தில் எத்தனை நாள் படம் இல்லை என்று விசாரியுங்கள். கம்பியின் தலைமாட்டில் இருக்கும் வீட்டுக்காரர் எல்லாம் சரி என்பார். கால்மாட்டில் இருப்பவர்தாம் உண்மையை அறிவார்.

கேபிளில் பலரும் அறியாத குறை ஒன்று மின்சாரத்தைப் பற்றியது. நீண்ட கம்பியில் செல்லச் செல்ல அலை மெலிந்துவிடுமாதலால், இடையிடையே ஆம்ப்ளிஃபையர் என்னும் பெருக்கிகளை வைத்திருப்பார்கள். அவை மின்சாரத்தால் இயங்குபவை. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து டி.வி. ஓடினாலும், அந்தப் பெருக்கி இருக்கும் தெருவில் மின்சாரம் நின்று அதற்கு மாற்று ஏற்பாடும் இல்லையானால், திரையில் ஒன்றும் வராது. மின்தடை நேரத்தில் படம் தெரிவது முக்கியம் என்று கருதுகிற வீட்டார், கேபிள்காரரிடம் இந்த ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்: உங்கள் லைனுக்குப் பேட்டரி இருக்கிறதா? டிஷ்ஷுக்கு இந்தத் தொல்லை இல்லை. மாடியில் தட்டின்முன் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற உறுப்புக்கு வேண்டிய மின்சாரம், வீட்டிலுள்ள பெட்டியிலிருந்தே அதே கம்பி வழியாக மேலே போகிறது. இன்வெர்ட்டர் ஓடும்வரை படமும் ஓடும்.

தோப்பு வீடுகளுக்கு வருவோம். என் சின்னம்மா ஒருத்தி, தென்னைக்குப் பெயர்பெற்ற அய்யம்பாளையத்துக்கு அப்பால், தோப்புக்கு நடுவே குடியிருக்கிறாள். சாலையிலிருந்து அவ்வளவு தூரம் கேபிள் இழுக்க ஆள் வராததால் டிஷ் மாட்டினோம். மாட்ட வந்த பையன் கெட்டிக்காரன்தான். அரைமணி நேரத்தில் படம் வரவழைத்துவிட்டான். ஆனால் தட்டுக்கு எதிரே வீட்டை ஒட்டி நட்டிருந்த தென்னம்பிள்ளையை அவனும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. அப்போது அது இடுப்பளவு உயரம். சில ஆண்டுகள் நன்றாகவே ஓடிய பெட்டி, பிறகு காற்றடிக்கும்போதெல்லாம் படத்தைக் கட்டம்கட்டமாக உடைக்க ஆரம்பித்தது. பெட்டி கெட்டுவிட்டது என்று புதுப்பெட்டி வாங்கினோம்; மாறவில்லை. கம்பியை மாற்றினோம், மாறவில்லை. கடைசியில் ஒரு நாள் சின்னம்மாவே மாடிப்படியில் உட்கார்ந்து மேலே பார்த்துவிட்டு, "தம்பி, மட்டை ஆடுறப்பல்லாம் படமும் ஆடுதுப்பா" என்று சொன்னாள். தட்டைக் கழற்றி வீட்டின் மறுகோடியில் வைத்தோம், கோளாறு தீர்ந்தது. மரத்தை வெட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்த யோசனையும் ஒருவரால் சொல்லப்பட்டது.

அன்று செய்த பிழையை மற்றவர்கள் செய்யாமலிருக்க, தட்டு எங்கே பார்க்கிறது என்பதை ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும். நம் நாட்டு டிஷ் சேவைகளுக்குரிய செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையிலிருந்து 108 பாகைவரை பூமத்திய ரேகையின்மேல் நிற்கின்றன. வத்தலக்குண்டோ ஏறத்தாழ 78 பாகையில், பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகையில் இருக்கிறது. ஆகையால் இங்கிருந்து எந்த நிறுவனத்தின் தட்டும் தென்கிழக்குத் திசைப் பக்கமாக, மிகவும் நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும். தூர்தர்ஷனின் டிஷ் சேவைக்குரிய 93.5 பாகைக் கோள், அடிவானத்திலிருந்து சுமார் 68 பாகை உயரத்தில் இருக்கிறது. 83 பாகைக் கோள் இன்னும் உச்சிக்கு அருகில், சுமார் 76 பாகையில். 108 பாகைக் கோள் சற்றுத் தாழ்ந்து, சுமார் 53 பாகையில். தட்டைப் பார்த்தால் அவ்வளவு மேல்நோக்கி இருப்பதாகத் தோன்றாது. அலையைச் சாய்வாக வாங்கி எல்.என்.பி.க்கு அனுப்பும்படி அது வார்க்கப்பட்டிருப்பதே காரணம். கண்ணால் பார்க்கும் சாய்வை நம்பி, எதிரே வெட்டவெளி என்று முடிவு செய்துவிடக் கூடாது. தலையை நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டும்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் அநுகூலம் பெரிது. பழனிமலைத் தொடர் வத்தலக்குண்டுக்கு மேற்கிலும் வடமேற்கிலும் எழுந்து நிற்கிறது. தட்டு பார்ப்பதோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஆகவே, மலை மறைக்கும் என்ற பயம் அடிவாரத்து ஊர்களுக்கு வேண்டியதே இல்லை. மலைச்சரிவிலும்கூட, தென்கிழக்கே செங்குத்தான பாறை எழும்பி நிற்கும் இடங்களைத் தவிர, வானம் தடைப்படுவது அபூர்வம். அஞ்ச வேண்டியவை மரங்களே. தென்னையோ சில்வர் ஓக்கோ தட்டைவிட எத்தனை அடி உயரம் வளரக்கூடுமோ, குறைந்தது அத்தனை அடி தள்ளித் தட்டை வைத்தால் எந்தச் சேவைக்கும் இடையூறு நேராது. இன்றைய உயரத்தை அளக்காதீர்கள். பத்து வருஷத்துக்குப் பிறகு இருக்கப்போகும் உயரத்தை நினைத்து அளந்துகொள்ளுங்கள். நெட்டை ரகத் தென்னை வைத்திருப்பவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்வேன்.

மழையில் டிஷ் வேலை செய்யாது என்ற புகார் பாதி உண்மை. வீட்டு டிஷ்களுக்கு அனுப்பப்படும் அலைகள் கே.யூ. அலைவரிசையைச் சேர்ந்தவை; அவற்றின் அலைநீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டரே ஆகையால், கனத்த மழைத்துளிகள் அவற்றை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. கேபிள் நிலையத்தின் பெரிய டிஷ்கள் பெரும்பாலும் வாங்குவது சி அலைவரிசை. அதன் நீளம் மும்மடங்கு ஆகையால் மழை அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. சித்திரை மாதத்துக் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழையிலும், இடி இடித்துக் கொட்டுகிற அந்தக் கால்மணியோ அரைமணியோ டிஷ் வீட்டில் படம் நிற்பது இயல்பு. மழை தணிந்ததும் தானே வந்துவிடும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. சாதாரணத் தூறலுக்கே படம் போகுமானால், தட்டின் குறி சற்று விலகியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டடித் தட்டு கூர்மையாகப் பார்க்கும் அகலம் ஏறத்தாழ மூன்று பாகைதான். ஒரு பாகை விலகினாலே வலிமை குறைந்து, வெயிலில் தெரியும் படம் மழையில் தெரியாமற்போகும். ஆடிக் காற்றுக்குப்பின் இந்தக் கோளாறு அதிகம் காணப்படும். சுவரில் நாலு போல்ட்டையும் இறுக்கமாக முடுக்கியிருக்கிறார்களா என்று மாட்டும்போதே ஆட்டிப் பார்த்துவிடுவது, பிறகு நூறு தடவை போன் செய்வதைவிட மேல்.

மலைமேல் இருப்பவர்கள் பனிமூட்டத்தின்மேல் பழி சொல்வார்கள். கொடைக்கானலில் மேகம் வீட்டு வாசலுக்குள்ளேயே நுழைந்துவிடுகிற நாட்கள் பல உண்டுதான். ஆனால் மூடுபனியின் துளிகள் இந்த அலைகளைத் தடுக்கமுடியாத அளவுக்கு நுண்ணியவை. பனி நாட்களில் படம் மறைவதற்குப் பெரும்பாலும் காரணம் ஈரம்: கம்பி எல்.என்.பி.யில் திருகப்பட்டிருக்கும் இடத்தில் நீர் புகுந்து செம்பைக் களிம்பேற்றிவிடுகிறது. ஒரு கூட்டம் சானல்கள் மட்டும் மறைந்து மற்றவை நன்றாகத் தெரிந்தால், முதலில் அந்த முனையைச் சந்தேகிக்க வேண்டும். முனையை வெட்டிப் புதிதாகக் கட்டி, ரப்பர் உறை போட்டு, கம்பியைச் சற்றுத் தொங்கலாக வளைத்து விட்டால், நீர் கம்பியோடு வழிந்து கீழே சொட்டிவிடும், உள்ளே போகாது. நூறு ரூபாய் செலவில் தீர வேண்டிய இந்தக் காரியத்துக்காகப் பெட்டியையே மாற்றியவர்கள் உண்டு. வேறொரு கோளாறுக்காக அப்படி வீணாகப் பெட்டி மாற்றிய என் குடும்பத்தின் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

இன்னொரு தடையும் உண்டு. அதை அறிந்துவைத்திருப்பது வீண் கவலையைத் தவிர்க்கும். ஆண்டுக்கு இருமுறை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும், சில நாட்கள் தொடர்ந்து, சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அந்தச் சில நிமிஷங்கள் சூரியனின் இரைச்சலே தட்டை நிறைத்துவிடும். நம் ஊரில் 93.5 பாகைக் கோளுக்கு அது முற்பகல் 11 மணியளவில் நேர்கிறது. கேபிள் நிலையத்து டிஷ்களும் இதற்கு விலக்கல்ல. அவை பார்க்கும் கோளுக்கேற்ப வேறு வேளையில் நேரும். 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயுவின் ஓட்டத்தை வானியலாளர் எவர்ஷெட் கண்டறிந்த வான் ஆய்வகம் நம் தலைக்கு மேலே கொடைக்கானலில்தான் இருக்கிறது. அதே சூரியன் வருஷத்தில் சில நிமிஷம் நம் கூடத்துக்குள்ளும் இப்படித் தன் இருப்பைக் காட்டிவிட்டுப் போகிறது.

மலைச்சரிவு வீடுகளுக்கு டிஷ்ஷைத் தவிர வேறு யோசனை சொல்ல எனக்குத் துணிவில்லை. காட்டு வழியே மரத்துக்கு மரம் கட்டி இழுத்த கம்பியைக் குரங்கு ஊஞ்சலாக்கிக்கொள்ளும், கிளை முறிந்து விழும், மண் சரியும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கரையேறிய கஜா புயல் கொடைக்கானல் மலையையும் உலுக்கிச் சென்றபோது, மரங்களோடு கம்பங்களும் சாய்ந்தன. அத்தகைய சமயங்களில், மின்சாரம் வந்த மறுகணமே டிஷ் வேலை செய்யும். கேபிளோ, ஒவ்வொரு கம்பமாக நிமிர்த்தி வரவேண்டும். கொடைக்கானல் நகரத்துக்குள் மட்டும் அடிவாரத்து நகர நியாயமே பொருந்தும்.

பணக் கணக்கில் அதிகம் தங்க வேண்டியதில்லை. இன்றைய வித்தியாசம் முன்போல் பெரிதாக இல்லை. 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, கேபிளானாலும் டிஷ்ஷானாலும், 100 சானல்களுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய்க்கு மேற்படக் கூடாதென்று இருந்தது. 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சானல்களுக்கு அதன்மேல் தனித்தனி விலை. அரசு கேபிளும் 2019 ஆகஸ்டில் தன் கட்டணத்தை 130 ரூபாயும் வரியுமாகக் குறைத்தது. 2024 ஜூலையில் டிராய் அந்த உச்சவரம்பை நீக்கிவிட்டதால், இப்பொழுது நிறுவனத்துக்கு நிறுவனம் கட்டணம் மாறலாம். ஆகவே விலையை இந்நூலில் தேடாமல் வாயால் கேட்டு, எழுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்: மாதத்துக்கு வரியோடு எவ்வளவு, பெட்டி நம் சொந்தமா வாடகையா, இரண்டாவது டி.வி.க்கு எவ்வளவு. 'முதல் ஆறு மாதம்' என்று தொடங்கும் சலுகைகளில் ஏழாவது மாதத்துக் கட்டணத்தைக் கேட்காமல் விடக் கூடாது. ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொரு நிறுவனத்துக்கு உதவாது என்பதையும் நினைவில் வையுங்கள். மாறுவதற்குச் செலவு உண்டு.

மாதக் கட்டணமே முடியாதவர்களுக்கு, தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் உத்தமமானது. தட்டுக்கும் பெட்டிக்கும் ஒருமுறை செலவழித்தால் போதும், பிறகு காசில்லை. 2024 ஜனவரியில் பொதிகையிலிருந்து பெயர் மாறிய டி.டி. தமிழ் அதில் தெரியும். ஆனால் வீட்டுப் பெண்கள் மாலையில் எதிர்பார்க்கும் தனியார் தமிழ்ச் சானல்கள் பெரும்பாலும் அதில் இல்லை. வாங்குமுன் அவர்களைக் கலந்துகொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது.

கலந்துகொள்ள வேண்டியவர்களைப் பற்றிச் சொல்லும்போது, வயோதிகர்கள் மட்டும் தனியே இருக்கும் வீடுகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்தப் பக்கத்தில் அத்தகைய வீடுகள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். டிஷ் இணைப்பில், மகன் இருந்த இடத்திலிருந்தே போனில் ரீசார்ஜ் செய்துவிடலாம்; அது ஒரு சௌகரியம். ஆனால் பதிவு செய்த கைப்பேசி எண் மகனுடையதாக இருந்து, அவன் எண்ணை மாற்றிவிட்டால், இங்கே அப்பத்தாவால் ஒரு புகாரும் கொடுக்க முடியாது. ரிமோட்டில் எதையோ அழுத்திவிட்டுத் திரை நீலமாகிவிட்டால், கம்பெனிக்குப் போன் செய்து 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்பதற்கெல்லாம் ஈடுகொடுக்க அவர்களால் இயலாது. கேபிள்காரர் தெருவில் போகும்போது, "ஏப்பா, என்னன்னு கொஞ்சம் பாத்துட்டுப் போயேன்" என்று திண்ணையிலிருந்தே கூப்பிட்டுவிடலாம். தனித்திருக்கும் முதியவர்களுக்கு, நகரத்திலாயினும் கேபிள் எட்டுகிற கிராமத்திலாயினும், கேபிளே தகும் என்பது என் திடமான எண்ணம். பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவையும் தெரிந்தவர் வீட்டுத் துக்கச் செய்தியையும் காட்டும் உள்ளூர்ச் சானல் கேபிளில் மட்டுமே வரும் என்பதும், அவர்களுக்கு ஒரு சிறு விஷயமன்று. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டார், 2019 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி தாம் எடுக்கும் இணைப்பில் வருகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அரசு கேபிளில் அது தொடக்கத்திலிருந்தே உண்டு.

இணையம் வழியாகவே எல்லாம் பார்த்துக்கொள்ளலாமே என்று இளைஞர்கள் சொல்வார்கள். வீட்டுக்குக் கண்ணாடியிழை இணைப்பு வந்திருந்தால் அதுவும் ஒரு வழிதான். ஆனால் அந்த இழையும் கம்பத்தின்மேல் வருவதே. கடைசி அரை மைலைப் பற்றிக் கேபிளுக்குச் சொன்ன எச்சரிக்கை யாவும் அதற்கும் பொருந்தும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், இணைப்புக் கொடுக்க வரும் நாளில் வீட்டார் ஒருவர் உடனிருக்க வேண்டும். டிஷ்ஷானால், பெட்டியின் பட்டியலில் சிக்னல் வலிமை காட்டும் பக்கத்தைத் திறந்து காண்பிக்கச் சொல்லி, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் கோளாறு வந்தால், குறி விலகியதா, வேறு காரணமா என்று அதை ஒப்பிட்டு அறியலாம். மழை பெய்யும் நாளில் மாட்ட வருகிறேன் என்றால் மறுநாள் வரச் சொல்லுங்கள். கேபிளானால், தெருக் கம்பத்திலிருந்து பெட்டிவரை ஒரே கம்பியாக வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நடுவே ஒட்டுப் போடுவதும், இரண்டு டி.வி.க்காக ஸ்ப்ளிட்டர் வைத்துப் பிரிப்பதும் சிக்னலைக் குறைத்துவிடும். ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழப் பாதி போய்விடுகிறது. இடி இடிக்கும்போது டி.வி.யின் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. வெளியிலிருந்து வரும் கம்பியையும் பெட்டியிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

கடைசியாக, வாடிக்கையாளர் எண், பெட்டியின் எண், பதிவு செய்த கைப்பேசி எண், வந்து மாட்டியவரின் போன் எண், பணம் கட்டிய தேதி ஆகிய ஐந்தையும், கூடத்துச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். ஜனவரி பிறந்து புது நாட்காட்டி வரும்போது, பழைய அட்டையை எறிவதற்குமுன் அவற்றைப் பெயர்த்து எழுதிக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.